கோப்பி வீழ்ந்தபோதும் தேயிலை தளரும்போதும்: மலையகத்தின் சூழல் நெருக்கடிகளும் சமூக நிலைமாற்றமும்

முன்னுரை

இயற்கைச் சூழலில் நேரும் பெருமாற்றங்களுக்கு மனித சமூகங்கள் இருவகையாக முகங்கொடுத்து வந்துள்ளன. பயிரையும் தொழில்நுட்பத்தையும் மாற்றிக்கொண்டு, நிலம் யாருடையது, உழைப்பின் பயன் யாரைச் சேர்வது என்னும் அடிப்படை உறவுகளை முன்போலவே பேணுதல் ஒரு வகை. அவ்வுறவுகளையே திருத்தியமைத்துப் புதியதொரு சமூக ஒழுங்கின் வழியாக நெருக்கடியைக் கடத்தல் மற்றொரு வகை. முன்னையதை இசைவாக்கம் என்றும் பின்னையதை நிலைமாற்றம் என்றும் இக்கட்டுரை குறிப்பிடும்.

இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பெருந்தோட்டங்கள் இவ்வேறுபாட்டை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களமாகும். ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளில் தோட்டப் பொருளாதாரம் ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஒரு பயிரை முற்றாக இழந்து வேறொரு பயிரில் மீண்டெழுந்தது. பின்னர் அந்நிய உடைமையிலிருந்து அரசுடைமைக்கும், அங்கிருந்து தனியார் முகாமைக்கும் கைமாறியது. இத்தனை மாற்றங்களுக்குள்ளும் தொழிலாளிக்கும் அவர் வாழும் நிலத்துக்கும் இடையிலான உறவு ஏறக்குறைய மாறாதிருந்தது. இதனாலேயே ஒவ்வொரு நெருக்கடியின் சுமையும் இறுதியில் அவர்மீது இறக்கப்பட்டது. இன்றைய தட்பவெப்ப மாற்றத்தை மலையகம் தாங்க வேண்டுமாயின் அவ்வுறவு மாறியாக வேண்டும் என்பதே இங்கு நிறுவ முயலும் கருத்தாகும்.

காடழிப்பும் கோப்பியும்

மலைநாட்டின் சூழல் நெருக்கடி நம் காலத்தில் தோன்றியதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருத வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர்ச் செய்கைக்கும் மேய்ச்சலுக்கும் கண்டிக் கிராமத்தவர் பயன்படுத்திவந்த நிலங்கள் எழுத்துறுதி இல்லாத காரணத்தால் அவர்கள் கைவிட்டுப் போயின. குறைந்த விலைக்கு விற்கப்பட்ட அந்நிலங்களில் மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. சாம்பலின் வளத்தில் கோப்பி நடப்பட்டது. 1870களின் பிற்பகுதியில் கோப்பி நிலப்பரப்பு ஏறத்தாழ 2 இலட்சத்து 75 ஆயிரம் ஏக்கராக விரிந்தது.

இக்காடழிப்பின் விளைவுகளைக் குடியேற்ற ஆட்சியாளர் அறியாதிருந்தனர் எனக் கூறுவதற்கில்லை. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் யோசப் ஹூக்கர் 1873இல் வலியுறுத்தினார். மலைமுடிக் காடுகள் மழைநீரைத் தேக்கி ஆறுகளுக்கு அளிக்கின்றன என்பதும், அவை அழிந்தால் மண் அரிக்கப்படும் என்பதும் அக்காலத்து அறிவியலாளர் அறிந்த செய்திகளே. அறிவு இருந்தது, விலைபோகும் பயிரின் முன் அவ்வறிவுக்கு இருந்த வலிமை சிறிது.

கோப்பித் தோட்டங்களின் உழைப்பாளர் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தோர். அறுவடைக் காலத்துக்கு வந்து, பின்னர் ஊர் திரும்பும் பருவகாலப் பெயர்ச்சியாகவே அது பெரும்பாலும் அமைந்தது. இப்பெயர்ச்சியிலும் தட்பவெப்பத்தின் கை உண்டு. தாது வருடப் பஞ்சம் எனத் தமிழ் மக்கள் நினைவில் நிலைத்த 1876-1878ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம், எல் நினோ என இன்று அழைக்கப்படும் பசிபிக் கடல் வெப்பமாற்றத்தோடு தொடர்புடைய பருவமழைப் பொய்ப்பினால் விளைந்தது. ஆயினும் வறட்சி பஞ்சமானதற்கு வரிச்சுமையும் தானிய ஏற்றுமதியும் அரசின் பாராமுகமும் காரணங்களாயின. அப்பஞ்சத்தில் மன்னார்க் கரைவழியாக மலைநாடு நோக்கி வந்தோர் தொகை பெருகியது. மலையக மக்களின் முன்னோருள் ஒரு பகுதியினரை இன்றைய வழக்கில் தட்பவெப்ப அகதிகள் என்று அழைப்பதும் பொருந்தும்.

1869: இலைநோயும் அதன் படிப்பினையும்

பஞ்சத்துக்குத் தப்பி அவர்கள் வந்து சேர்ந்த பொருளாதாரமோ அப்போதே உள்ளூர நோயுற்றிருந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளை இங்கிலாந்தில் ஆராய்ந்தோர் அது புதியதொரு பூஞ்சணம் எனக் கண்டு எமிலியா வஸ்தாற்றிக்ஸ் எனப் பெயரிட்டனர். விளைச்சல் ஆண்டுக்காண்டு ஏறியிறங்கியபடியால் துரைமார் பலர் அந்நோயைப் பொருட்படுத்தவில்லை. கோப்பி விலை உயர்ந்திருந்த 1870களில் நோய் பரவிக்கொண்டிருக்கவே புதிய காடுகளும் வெட்டப்பட்டன. இலாபம் இருக்கும்வரை எச்சரிக்கை செவியில் ஏறுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1880இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர், நோய் காற்றிற் பறக்கும் நுண்வித்துகளால் பரவுகின்றது என்பதையும், ஈரலிப்பான இலைகளில் அவை முளைக்கின்றன என்பதையும் நிறுவினார். அவருடைய ஆய்வின் சமூக உட்பொருள் கூர்ந்து நோக்கற்குரியது. மலைத்தொடர் முழுவதும் இடைவெளியின்றி ஒரே பயிரைப் பரப்பி, காற்றைத் தடுக்கும் காட்டு அரண்களை நீக்கிய தோட்ட அமைப்பே பூஞ்சணத்துக்கு வழியமைத்துக் கொடுத்தது. பருவக்காற்றும் ஈரலிப்பும் மலைநாட்டுக்குப் புதியன அல்ல; அவற்றை அழிவுச் சக்திகளாக்கிய பயிர்முறையே புதியது.

1880களில் கோப்பி சரிந்தது. தோட்டங்களுக்குக் கடன் வழங்கிய ஓரியன்றல் வங்கி 1884இல் முறிந்தது. தோட்டக்காரர் பலர் நாடு நீங்கினர். கைவிடப்பட்ட தோட்டங்களில் தொழிலாளரின் கூலிப் பாக்கிகள் கிடைக்காமற் போயின. கடன் கொடுத்த வங்கியின் இழப்பு கணக்கேட்டில் இடம்பெற்றது. ஊர் திரும்பவும் வழியற்று நின்ற கூலியாளின் இழப்பு எந்த ஏட்டிலும் முழுமையாகப் பதிவாகவில்லை.

தேயிலை: மாறியவையும் மாறாதவையும்

நோய் கண்டறியப்படுவதற்கு ஈராண்டு முன்பே, 1867இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி தளர்ந்தபோது மூலதனம் முதலிற் சிங்கோனாவை நாடியது. கொயினா மருந்துக்கு மூலமான அதன் பட்டை உலகச் சந்தையில் மலிந்ததும் அதைக் கைவிட்டுத் தேயிலைக்குத் திரும்பியது. 1875இல் ஏறத்தாழ 1,000 ஏக்கராயிருந்த தேயிலை, நூற்றாண்டின் இறுதியில் 3 இலட்சத்து 80 ஆயிரம் ஏக்கரைத் தாண்டியது. ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றம் வெறும் பயிர்மாற்றம் அன்று. தனித் தோட்டக்காரரின் இடத்தை இலண்டனிற் பதிவான கம்பனிகள் பிடித்தன. கொழுந்தைப் பறித்த அன்றே பதப்படுத்த வேண்டியிருந்தமையால் தோட்டந்தோறும் தொழிற்சாலை எழுந்தது. இருப்புப்பாதை 1885இல் நானுஓயாவை அடைந்தது.

உழைப்பின் ஒழுங்கும் மாறியது. கோப்பிக்கு அறுவடைப் பருவம் உண்டு. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும். ஆகவே பருவகாலத் தொழிலாளி நிரந்தரக் குடியிருப்பாளர் ஆனார். பெண்களின் உழைப்பு உற்பத்தியின் மையத்துக்கு வந்தது. குடும்பம் முழுவதும் தோட்ட எல்லைக்குள் அடங்கியது.

மாறாதவை எவை? ஆட்சேர்ப்பும் கண்காணிப்பும் பெரியகங்காணியின் கையிலேயே இருந்தன. முற்பணக் கடனைத் தொழிலாளியின் தலையில் ஏற்றி, அக்கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் போகவிடாத துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்படும்வரை நிலவியது. குடியிருப்பு லயமாகவே தொடர்ந்தது. தற்காலிகக் கூலியாளுக்கென உருவான காம்பிரா நிரந்தரக் குடும்பத்துக்குரிய வீடாக்கப்பட்டது; அமைப்போ உரிமையோ மாறவில்லை. தேயிலைக்கு உதவாத சரிவுகளும் ஓடையோரங்களுமே பெரும்பாலும் லயங்களுக்கு ஒதுக்கப்பட்டன. வேலை போனால் கூரையும் போகும் என்னும் நிலை அன்று வகுக்கப்பட்டது.

எனவே, கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியதை மூலதனத்தின் மிகத் திறமையான இசைவாக்கம் எனலாம். அதை மலைநாட்டுச் சமூகத்தின் நிலைமாற்றம் எனக் கொள்ள இயலாது. ஒற்றைப்பயிர் முறையும், நிலத்திலிருந்து உழைப்பாளரைப் பிரித்துவைக்கும் முறையும் புதிய பயிரில் முன்னிலும் உறுதியாக வேரூன்றின.

அறிவியலும் அரசும் நிலமும்

இருபதாம் நூற்றாண்டில் இவ்விசைவாக்கம் நிறுவன வடிவம் பெற்றது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தோன்றிப் பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்டது. 1946இல் கொப்புள நோய் தேயிலையைத் தாக்கியபோது கோப்பியின் கதை மீளவில்லை. ஆராய்ச்சியும் மருந்துத் தெளிப்பும் கவ்வாத்துக் காலத்தைத் திருத்தியமைத்தமையும் பயிரைக் காத்தன. அறிவியல் சாதித்த இவ்வெற்றியைக் குறைத்து மதிப்பிடலாகாது.

1947 ஆகஸ்டில் கம்பளைப் பகுதியைப் பெருவெள்ளமும் மண்சரிவும் தாக்கின. மலைச்சரிவுகளிற் செய்யப்பட்ட பயிர்ச்செய்கையும் மண்ணரிப்பும் அரசின் கவனத்துக்கு வந்தன. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இவ்விரு ஆண்டுகளுக்கிடையில், 1948இல், அதே சரிவுகளில் உழைத்த மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோர் ஆக்கப்பட்டனர். மண்ணைக் காக்கச் சட்டம் வகுத்த அதே அரசு அம்மண்ணை அறிந்த மக்களுக்கு அதில் எவ்வித உரித்தும் இல்லையென்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் உரியவர்களாகப் பங்கிட்டது. எஞ்சியோர் பற்றி 1974இல் மற்றோர் உடன்பாடு செய்யப்பட்டது. நாடற்ற நிலைக்கு முடிவுகட்டும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

நிலச் சீர்திருத்தம் ஒரு நிலைமாற்றத்துக்கு வாய்ப்பளித்திருக்கலாம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. அந்நிய மூலதனத்தின் பிடியைத் தளர்த்திய அந்நடவடிக்கை முற்போக்கானதே. ஆயினும் நிலம் பகிரப்பட்டபோது தோட்டத் தொழிலாளி உழுபவராகக் கணிக்கப்படவில்லை. கண்டிக் கிராமத்தவரின் நிலமின்மையைத் தீர்க்கும் பெயரில் பல தோட்டங்களிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். வெள்ளையராட்சியில் நிலத்தை இழந்த சிங்கள விவசாயியும், அந்நிலத்தில் உழைக்கக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளியும் ஒரே அமைப்பினாற் பாதிக்கப்பட்டோர். அவர்களை எதிரெதிரே நிறுத்திய அரசியல், சீர்திருத்தத்தின் உள்ளுரத்தைச் சிதைத்தது.

உலக உணவு நெருக்கடியும் உள்நாட்டு வறட்சியும் பங்கீட்டுக் குறைப்பும் ஒருங்கு சேர்ந்த 1973-1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. கிராமத்தவருக்குச் சிறுதுண்டு நிலமேனும் இருந்தது; கிழங்கோ குரக்கனோ பயிரிட முடிந்தது. தொழிலாளிக்கோ பங்கீட்டு மாவும் நாட்கூலியுமன்றி வேறு பற்றுக்கோடு இல்லை. ஒரே மழைப் பொய்ப்பு இரு சமூகங்களை வெவ்வேறு அளவில் தாக்கியதற்கு அடிப்படை நிலவுரிமையில் இருந்த வேறுபாடே. 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்தின் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்துக்கு எதிராக டெவன் தோட்டத்தில் எழுந்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். மலையகத்தின் போராட்ட வரலாற்றில் அது நிலத்துக்கான உயிர்ப்பலியாக நினைவுகூரப்படுகின்றது.

1992இல் அரசுத் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டன. குத்தகைக் காலம் 2045இல் முடிவுறும். இக்காலவரையறையின் சூழல் விளைவை ஆய்வாளர் போதியளவு கவனித்திலர். பழைய தேயிலையைப் பிடுங்கி, மானாப்புல் நட்டு மண்ணைத் தேற்றி, புதுக்கன்று நட்டுப் பயன்காணப் பல ஆண்டுகள் செல்லும். குத்தகை முடிவு நெருங்க நெருங்க அத்தகைய முதலீட்டில் கம்பனிக்கு நாட்டம் குறைதல் இயல்பு. வறட்சி தாங்கும் இனங்களை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பின்பும் மலைகளிற் பெரும்பகுதி முதிர்ந்த செடிகளோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இன்றைய நெருக்கடி

நுவரெலியா உள்ளிட்ட மேல் நீரேந்து பகுதிகளின் நீண்டகால மழைப் பதிவுகளைப் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் மத்தும பண்டார முதலியோர் ஆராய்ந்து, மழைவீழ்ச்சி குறைந்து வந்திருப்பதை எடுத்துக்காட்டினர். பெய்யும் மழையோ குறுகிய காலத்தில் கொட்டித் தீர்க்கின்றது. இவ்விரண்டும் தேயிலைக்குக் கேடானவை: நீண்ட வறட்சியில் கொழுந்து தளிர்ப்பதில்லை, பெருமழையில் மேல்மண் கழுவுண்டு போகின்றது.

2015இல் ஏறத்தாழ 32 கோடியே 90 இலட்சம் கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2016இல் 29 கோடியே 30 இலட்சம் கிலோ அளவுக்கு வீழ்ந்தது. வறட்சி அதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும் 2022இன் உற்பத்தி 25 கோடியே 10 இலட்சம் கிலோ அளவுக்குச் சரிந்தது. மண்ணைக் காத்தல் என்னும் நல்ல நோக்கத்தின் பெயரால், உழவரையும் தொழிலாளரையும் கலந்து கொள்ளாமல், மேலிருந்து திணிக்கப்படும் மாற்றம் நிலைமாற்றமாகாது என்பதை அது உணர்த்தியது.

இவ்வீழ்ச்சி தொழிலாளியின் வீட்டை எவ்வாறு சென்றடைகின்றது? நாட்கூலி, பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறையோடு பிணைக்கப்பட்டுள்ளது. குறித்த கிலோ நிறையாவிடின் ஒரு பேர் அரைப்பேராகக் குறைக்கப்படும். வறண்ட மலையில் நாள் முழுவதும் நின்றும் கூடை நிறையாத பெண், வானம் பொய்த்ததற்குத் தம் கூலியில் தண்டம் செலுத்துகின்றார். மழைக்காலத்திலோ வேலைநாட்கள் குறையும். தட்பவெப்பத்தின் இடர் முதலாளியின் கணக்கிலிருந்து தொழிலாளியின் சம்பளச் சீட்டுக்கு மாற்றப்படும் வழி இதுவே.

அடுத்த இடர் குடியிருப்பில் உள்ளது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவு லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கப்பட்ட மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று வினவியோர் இருந்தனர். வெளியேறுவதற்கு வேறு நிலம் அவர்களுக்கு இருந்ததா என்பதே முதற்கண் வினவற்குரியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழை நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய மாவட்டங்களின் மலைகளைச் சரித்து நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டபோது அவ்வினா மீண்டும் எழுந்தது. வீட்டை இழந்தோருக்கு வீடு என்னும் நிவாரண விதி, வீட்டை ஒருபோதும் உடைமையாகப் பெற்றிராதவரை எவ்வாறு கணிக்கும்?

நிலைமாற்றத்தின் பாதைகள்

இன்று இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ முக்காற் பங்கு சிறுதோட்ட உடைமையாளரிடமிருந்தே வருகின்றது. இவர்களுட் பெரும்பாலோர் இரத்தினபுரி, காலி, மாத்தறை முதலிய தாழ்நாட்டு மாவட்டங்களில் ஓரிரு ஏக்கரை வைத்திருப்போர். செடிக்கிடையே மிளகும் வாழையும் வளர்த்தல், இடர்க்காலத்தில் வேறு வருவாய் தேடல் முதலிய தெரிவுகள் அவர்களுக்கு உண்டு. பெருந்தோட்டமே தேயிலையின் இயல்பான வடிவம் என்னும் வாதத்தை அவர்களின் அனுபவம் மறுக்கின்றது.

மலைநாட்டில் சில கம்பனிகள் தேயிலைச் செடிகளைத் தொழிலாளரிடம் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை வாங்கும் வருமானப் பகிர்வு முறையைக் கைக்கொண்டுள்ளன. நிலவுரிமை இல்லாமல் பராமரிப்புப் பொறுப்பை மட்டும் தொழிலாளியிடம் ஒப்படைத்தால், வறட்சியின் இடர் முழுவதும் அவரிடமே சேரும்; சேமலாப நிதி போன்ற உரித்துகளும் நழுவும். ஆகவே இம்முறையை உரிமைப் பத்திரத்தோடு இணையாதவிடத்து ஐயத்தோடு நோக்குதல் தகும்.

இவ்விடத்து மூணாற்றின் அனுபவம் ஒப்புநோக்கற்குரியது. கேரளத்தின் கண்ணன் தேவன் மலைகளில், தமிழ்த் தொழிலாளர் செறிந்த தோட்டங்களின் நிறுவனம் 2005இல் மறுசீரமைக்கப்பட்டு, பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர் கைக்கு வந்தன. ஆயினும் 2015இல் பெண் தொழிலாளரே கூலிக்கும் போனசுக்கும் தெருவில் இறங்க நேர்ந்தது. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களில் உறங்கிய எழுபது உயிர்களை விழுங்கியது. பங்குப் பத்திரம் கையிலிருந்தும் குடியிருப்பு லயமாகவே இருந்தது. நிறுவனத்தில் பங்குரிமை மட்டும் போதாது, வாழும் நிலத்திலும் உரிமை வேண்டும் என்பதே இதன் பாடம்.

இலங்கையில் இத்திசையில் சில அடிகள் வைக்கப்பட்டுள்ளன. தனிவீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்னும் கொள்கை, மலையகத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் சேவையாற்ற வழிவிட்ட 2018ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஆகியன குறிப்பிடத்தக்கவை. தோட்டத்தைத் துரையின் தனியாட்சிப் பரப்பாகக் கருதிய மரபு இவற்றால் முதன்முறையாகச் சட்டத்தில் நெகிழ்ந்தது. ஆயினும் ஏழு பேர்ச் என்பது கூரைக்குப் போதுமான நிலம். பிழைப்புக்குப் போதுமான நிலம் அன்று.

மக்களும் வாளாவிருக்கவில்லை. இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் மத்திய கிழக்கு வீடுகளுக்கும் பெயர்கின்றனர். 1992இல் மூன்று இலட்சத்துக்கு மேலிருந்த கம்பனித் தோட்டத் தொழிலாளர் தொகை இன்று அதிற் பாதிக்கும் கீழே உள்ளது. தாது வருடத்தில் ஊரை விட்டு மலையேறிய முன்னோரைப் போலவே பேரப்பிள்ளைகள் மலையை விட்டு இறங்குகின்றனர். தனித்தனிக் குடும்பங்களின் இத்தப்பித்தலைச் சமூகத்தின் இசைவாக்கமெனப் போற்றுவது பொருந்தாது. இதற்கு மாறாகக் கூட்டுக் கோரிக்கையின் வடிவமும் உண்டு. மலையகத்தின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நிகழ்ந்த நடைபயணம், முன்னோர் நடந்த வழியில் நடந்து, நிலத்தையும் சம உரிமையையும் கோரியது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மலைநாட்டில் இசைவாக்கத்துக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை என்பது புலனாகும். பயிர் மாறியது, உடைமையாளர் மாறினர், செடியின் இனமும் மருந்தும் மாறின. லயமும், நிறையோடு பிணைந்த கூலியும், நிலமின்மையும் நிலைத்தன. தட்பவெப்ப இடர்கள் இம்மூன்றின் வழியாகவே தொழிலாளரை வந்தடைகின்றன.

ஆகவே, செங்குத்துச் சரிவுகளைக் காட்டுக்குத் திருப்புதல், ஒற்றைப்பயிரைத் தளர்த்துதல், ஆபத்தான லயங்களை அகற்றுதல் ஆகிய சூழல் நடவடிக்கைகளும், பயிரிடத்தக்க நிலத்தில் தொழிலாளருக்கு உறுதியான உரிமை வழங்குதலும் ஒரே திட்டத்தின் கூறுகளாக அமைதல் வேண்டும். 2045இல் குத்தகைகள் முடியும்போது நிலம் யாரிடம் செல்லும் என்பதை இப்போதே விவாதத்துக்குக் கொணர்தல் தொழிற்சங்கங்களினதும் பல்கலைக்கழகங்களினதும் கடமையாகும். 1880களில் தேயிலையைத் தெரிவுசெய்தோர் மலைநாட்டின் அடுத்த நூறாண்டை உழைப்போரின் வாக்கின்றி வகுத்தனர். அடுத்த தெரிவில் அவ்வாக்கு முதலிடம் பெறுதல் வேண்டும்.